படம் வரையத் தெரியாதவர் கடலோரக் களப் பயிலரங்கில் சேரலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கடலோரத்தில் ஒரு வாரம் நடக்கும் இயற்கை வரலாற்றுக் களப் பயிலரங்கு ஒன்று, அதே இடத்தில் இயற்கை ஓவியப் பட்டறை ஒன்று. உங்களுக்கு உயிரியல் பட்டம் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் படம் வரைந்ததில்லை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டில் எதில் சேர்வது, செலவுக்கும் விடுப்புக்கும் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்ததில், எதில் சேர்வது என்பதைவிட, நிபுணர்களும் ஓவியர்களும் இருக்கும் இடத்தில் நாம் போய் உட்காரலாமா என்ற தயக்கம்தான் உள்ளே இருக்கிறது என்று பட்டது. அதற்கு முதலில் பதில்: தாராளமாகப் போகலாம். நான் படித்தது விலங்கியல். பல வருடங்களாகப் பாறைக் கரை உயிர்களைப் பற்றி இப்படிப்பட்ட வகுப்புகளில் கற்றுத்தருகிறேன். மணற்கரை, அலையாத்திக் காடு, கடற்பறவைகள் பற்றி எனக்குத் தெரிந்தது மேலோட்டமாகத்தான். அதனால் கீழே எழுதுவதெல்லாம் பாறைக் கரையை மனதில் வைத்து எழுதுவது.

இந்த மாதிரி வகுப்புகள் தொடக்கத்திலிருந்தே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் நடந்திருக்கின்றன. 1855-இல் பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் இல்ஃப்ராகூம் என்ற ஊரில் கோடை வகுப்பு நடத்தினார். அதற்கு வந்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. ஆர்வத்தால் வந்த சாதாரண ஆண்களும் பெண்களும். நீர் வற்றும் நேரத்தில் அவரோடு பாறைகளில் ஏறி இறங்கி, கிடைத்த உயிர்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1873-இல் லூயி அகாசி என்ற விலங்கியலாளர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் பெனிகீஸ் என்ற சின்னத் தீவில் கோடைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த டிசம்பரிலேயே அகாசி இறந்துபோக, அடுத்த கோடையோடு பள்ளியும் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த வழி தொடர்ந்தது. 1888-இல் அதே மாசசூசெட்ஸ் கரையில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் எழுந்த கடல் உயிரியல் ஆய்வகம் அந்த மரபில் வந்ததுதான்.

சரி, அங்கே என்னதான் நடக்கும்? நல்ல களப் பயிலரங்கின் அட்டவணையை எழுதுவது கடல்தான், நடத்துகிறவர்கள் இல்லை. பெரும்பாலான கரைகளில் சுமார் 24 மணி 50 நிமிடத்துக்குள் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அதனால் இன்று காலை ஆறு மணிக்கு நீர் அடிமட்டத்தில் இருந்தால், நாளை ஏறக்குறைய ஏழு மணிக்கு இருக்கும். வாரக் கடைசியில் அது பத்து மணியைத் தாண்டிப் போயிருக்கும். நீர் கீழே இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம் பாறையில். மிச்ச நேரம் உள்ளே மேசை முன்னால், மைக்ராஸ்கோப்பும் தட்டில் கடல்நீருமாக.

அதனால் அறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகக் கடல் அதிகமாக ஏறி, அதிகமாக வற்றும். எட்டாம் பிறை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் குறைவு. அந்தச் சமயத்தில் வகுப்பு வைத்தால், பாறைக் கரையின் கீழ்ப்பகுதி, அதாவது கடல் சாமந்தியும் கடற்பஞ்சும் நட்சத்திர மீனும் நெருக்கியடித்து வாழும் பகுதி, வாரம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். விஷயம் தெரிந்தவர்கள் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனித்திருப்பார்கள். நீங்கள் ஒரு நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் போதும், ஏற்பாட்டாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாதி தெரிந்துவிடும். இடத்தையும் கவனியுங்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றவற்ற வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டர்கூட இருக்காது. அப்படிப்பட்ட கரையில் நடந்து பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு நீருக்குள் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது படம் வரைவது. களப் பயிலரங்கு அறிவுக்கு, ஓவியப் பட்டறை அழகுக்கு என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிரிவை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாறைக் கரையில் எங்கே பார்த்தாலும் ஒட்டியிருக்கும் கொட்டலசை, அதாவது பார்னக்கிளை, எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் காலோடு நடந்தால் பாதத்தைக் கிழிக்கும் அந்த வெள்ளைச் சொரசொரப்புதான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். சுற்றிலும் சுவர் போல, பெரும்பாலான இனங்களில் ஆறு தகடுகள். நடுவில் கதவு போல மூடித்திறக்கும் நான்கு சின்னத் தகடுகள். போட்டோ எடுத்தால் ஒரு நொடியில் வேலை முடிந்தது. ஆனால் வரைய உட்கார்ந்தால், இரண்டு தகடுகள் சேரும் இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிடும். எது மேலே, எது கீழே? கோடு போட்டாக வேண்டும். போட வேண்டுமானால் முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுக்க மறுபடி லென்ஸை எடுக்க வேண்டும்.

இனம் பிரிக்கிறவர்கள் பார்ப்பதும் அதே இடத்தைத்தான். பலானஸ் என்ற கொட்டலசு வகையில் ஒரு முனையில் இருக்கும் தகடு பக்கத்துத் தகடுகள் இரண்டின் மேலும் ஏறியிருக்கும். தமாலஸ் என்ற இன்னொரு வகையில் அதே முனைத் தகடு பக்கத்துத் தகடுகளுக்கு அடியில் போயிருக்கும். கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் நம்பகமான அடையாளங்களில் இது ஒன்று. அலை அடித்து அடித்து ஓடு தேய்ந்துபோயிருந்தால் சேர்க்கைக் கோடே தெரியாது, அப்போது வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். பட்டறையில் பல பேர் இந்தப் பெயர்களைக் கேள்விப்படுவதற்கு முன்பே, தாங்கள் வரைந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, "இது வேற மாதிரி இருக்கே" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வரைந்தவை அழகான படங்கள் இல்லை. கோணலாக, அளவு தப்பி இருந்தன. ஆனாலும் மேலே ஏறிய தகட்டையும் அடியில் போன தகட்டையும் சரியாகக் காட்டின.

கல்லோடு கொஞ்சம் கொட்டலசைக் கடல்நீர்த் தட்டில் வைத்துக் காத்திருந்தால், அந்தக் கதவு திறந்து இறகு போன்ற கால்கள் வெளியே வந்து தண்ணீரை வாரிவிட்டு உள்ளே போகும். தலைகீழாக ஒட்டிக்கொண்டு, காலால் இரையை அள்ளும் உயிர் அது. ஓட்டைப் பார்த்து இதைச் சிப்பி, நத்தைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1830-இல் ஜான் வாகன் தாம்சன் என்ற இயற்கையியலாளர் இதன் குஞ்சுப் பருவத்தைக் கவனித்து, இது நண்டு, இறால் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். டார்வின் 1846 முதல் எட்டு வருடம் இந்த ஒரே உயிரினக் கூட்டத்தை ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை இருக்கிற ஒரு பிராணியை நாம் செருப்புக்குக் கீழே மிதித்துக்கொண்டு போகிறோம் என்பது எனக்கு இன்றும் மனதை அசைக்கிற விஷயம்.

அகாசியைப் பற்றி அவருடைய மாணவர் சாமுவேல் ஸ்கட்டர் எழுதிய ஒரு சம்பவம் இயற்கை வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும். ஒரு மீனை முன்னால் வைத்து, கருவி எதுவும் தராமல், பார் என்று மட்டும் சொல்லிவிட்டு அகாசி போய்விடுகிறார். மணிக்கணக்கில் பார்த்துச் சலித்த மாணவர் கடைசியில் அதை வரையத் தொடங்குகிறார். அதுவரை கண்ணில் படாதவை படத் தொடங்குகின்றன. திரும்பி வந்த அகாசி, பென்சில் மிகச் சிறந்த கண்களில் ஒன்று என்கிறார். வருடங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதியது என்பதால் ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே நடந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதில் சொல்லியிருப்பது நடக்கும் என்பதை எந்த மேசையிலும் பார்க்கலாம். நட்சத்திர மீனை வரையச் சொன்னால் முதலில் எல்லாரும் ஐந்து கையையும் ஒரே மாதிரி, நடுவில் வட்டமாகப் போட்டுவிடுவார்கள். இரண்டாவது தடவை வரையும்போதுதான், முதுகில் நடுவிலிருந்து ஒதுங்கி, இரண்டு கைகளுக்கு இடையில் சின்னப் பொத்தான் போல ஒன்று இருப்பது தெரியும். அதன் குழாய்க்கால்களை இயக்கும் நீர்க்குழாய் அமைப்பு வெளிக் கடலோடு தொடர்புகொள்ளும் சல்லடைத் தகடு அது. அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நட்சத்திர மீனை வெறும் ஐந்து முனை வடிவமாக நினைக்க முடியாது.

கரையையே ஒரு படமாக வரையச் சொல்வதும் உண்டு. மேலிருந்து கீழே நீர்விளிம்பு வரை கயிறு கட்டி, அதை ஒட்டி எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பட்டைகளாகக் குறிப்பது. மேலே சின்ன நத்தைகள், அப்புறம் கொட்டலசு, அப்புறம் மட்டி, அதற்கும் கீழே கடற்பாசி என்று கரைக்குத் தகுந்தபடி வரும். பட்டை ஏன் அந்த இடத்தில் முடிகிறது என்ற கேள்வி தானாக எழும். ஜோசப் கானல் என்ற சூழலியலாளர் 1961-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான். ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில், மேலே வாழும் தமாலஸைக் கீழே பலானஸ் இல்லாத இடத்தில் விட்டுப் பார்த்தார். அது நன்றாகவே வாழ்ந்தது. கீழே அதை வாழவிடாமல் நெருக்கித் தள்ளுவது பெரும்பாலும் பலானஸ்தான். பலானஸ் மேலே ஏறாததற்குக் காரணம் வெயிலும் வறட்சியும். ராபர்ட் பெயின் என்ற இன்னொரு சூழலியலாளர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் மட்டியைத் தின்னும் நட்சத்திர மீன்களை அகற்றிக்கொண்டே இருந்தபோது மட்டி பெருகிப் பாறையை மூடி, மற்ற இனங்கள் குறைந்தன. 15 இனம் இருந்த இடத்தில் 8 என்று 1966-இல் எழுதினார். இந்த இரண்டு ஆய்வுக்கும் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கரையில் குனிந்து நின்று, வருடக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்தார்கள்.

ஓவியப் பட்டறை என்ற பெயரில் பல விதம் நடக்கிறது, அதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று அறிவியல் விளக்கப்படம்: ஒளி இடது மேற்பக்கத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக நிழல் போட்டு, பக்கத்தில் அளவுக்கோடு வரைவது. நிதானமான வேலை, ஒரு நண்டுக்கு ஒரு வாரம் பிடிக்கும். இன்னொன்று களக் குறிப்பேடு: படமும் எழுத்தும் கலந்து, தேதி, இடம், நீர்மட்டம், கேள்விகள் எல்லாம் ஒரே பக்கத்தில். மூன்றாவது அச்சுக் கலை. கடற்பாசியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அடியில் தாளைக் கொடுத்து எடுத்து அழுத்தினால், பல இனங்கள் தங்கள் சொந்தப் பசையிலேயே ஒட்டிக்கொள்ளும். நீல அச்சு முறையில் ஆனா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1843 முதல் பிரிட்டனின் கடற்பாசிகளைப் பதிப்பித்தார். வெயிலும் இரும்பு உப்பு தடவிய தாளும் போதும். மீனின் மேல் மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கும் கியோடாகு ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டில் பிடித்த மீனின் அளவைப் பதிவு செய்யத் தொடங்கியது. உங்கள் நிலையில் நான் களக் குறிப்பேட்டு வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அச்சு முறைகள் கைக்குப் பயம் போக நல்ல வழி. ஆனால் அதில் பார்ப்பது கொஞ்சம், செய்வது அதிகம்.

எது உறுதி, எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். வரைந்தது நினைவில் நிற்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. சொற்களை எழுதியவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவுகூர்ந்தார்கள் என்று 2016-இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் அது அறைக்குள் சொற்பட்டியலை வைத்துச் செய்த சோதனை. பாறைக் கரையில் இனம் கண்டுபிடிப்பதற்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் நம்புவது வகுப்புகளில் பார்த்ததை வைத்து. அதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஒரு வாரத்தில் என்ன வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: கரையில் எதைப் பார்த்தாலும் அது எந்தப் பெரும் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவீர்கள், இனங்காணும் அட்டவணையைப் படிப்படியாகப் பின்பற்றத் தெரிந்திருக்கும், நண்டின் வயிற்று மடிப்பு குறுகலா அகலமா என்று பார்த்து ஆணா பெண்ணா சொல்வீர்கள். வராதது என்னவென்றால், கடினமான கூட்டங்களில் இனப் பெயர். கடற்பஞ்சை வெறும் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்கிறவரைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் நம்ப வேண்டும். பெரும்பாலானவற்றில் சதையைக் கரைத்துவிட்டு உள்ளே இருக்கும் நுண்முட்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சிவப்புக் கடற்பாசிகளில் பலவற்றுக்குக் குறுக்காக மெல்லிய சீவல் எடுத்துப் பார்க்காமல் முடியாது. சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் என்ன மதிப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும், அதற்காகப் போவதாக இருந்தால் யோசித்துப் போங்கள்.

தலைப்பு எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கருத்து. புதியவர்கள் "கடலோர உயிர்கள்: ஓர் அறிமுகம்" என்பதைத்தான் எடுப்பார்கள், பயமில்லாமல் இருக்கும் என்று. அதில் தினமும் ஒரு கூட்டத்தைத் தொட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். அமெரிக்காவின் மெய்ன் கடலோரத்தில் ஸ்டூபன் என்ற ஊரில் இருக்கும் ஈகிள் ஹில் நிறுவனம் போன்ற இடங்களில் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கனுக்கு ஒரு வாரம், நிலப்பாசிக்கு ஒரு வாரம் என்று நடத்துவதுண்டு. கேட்க மிரட்சியாக இருக்கும். ஆனால் ஒரே கூட்டத்தோடு ஆறு நாள் இருந்தால் நான்காம் நாளில் கண் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை வேறு எந்தக் கூட்டத்துக்கும் கொண்டுபோகலாம். நுழைவுக்கு முன்படிப்பு வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தால் மட்டும் அதை மதியுங்கள்.

பிடித்து எடுத்து வருவது பற்றி ஒரு வார்த்தை. காஸின் வகுப்புகளும் எழுத்தும் பிரபலமாகி, கூட்டம் கூட்டமாக மக்கள் கரைக்குப் போய் அள்ளி வந்ததில் இங்கிலாந்தின் பாறைக் குட்டைகள் வெறுமையாகிப்போனதை அவர் மகன் பிற்காலத்தில் வருத்தத்தோடு எழுதினார். அதனால் இன்று நல்ல வகுப்பில் சேகரிப்புக்கு அனுமதி வாங்கியிருப்பார்கள், எடுத்ததில் பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுத்த இடத்திலேயே விடுவார்கள். புரட்டிய கல்லைப் பழையபடி வைப்பது இதில் முக்கியமானது. கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டி வாழ்பவை வெயிலில் செத்துவிடும், மேல்பக்கத்துப் பாசி இருட்டில் அழுகிவிடும். லிம்பெட் எனும் தொப்பி வடிவ நத்தையைப் பிடுங்காதீர்கள். பல இனங்கள் மேய்ந்துவிட்டுத் தன் ஓட்டின் விளிம்புக்கு ஏற்றபடி பாறையில் தேய்த்து வைத்திருக்கும் அதே தடத்துக்குத் திரும்பும். வேறிடத்தில் வைத்தால் அந்தப் பொருத்தம் கிடைக்காமல் உலர்ந்து போகலாம். வெப்பக் கடல் என்றால் உயிருள்ள கூம்பு வடிவச் சங்கை கையில் எடுக்கவே கூடாது; சில இனங்களின் விஷம் மனிதனைக் கொன்றிருக்கிறது. கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு குனிந்து நிற்காதீர்கள்.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாசி படிந்த பாறையில் நடப்பதுதான் ஒரே சிரமம். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, ஒரு கைத்தடி, உட்காரச் சின்னத் திண்டு இருந்தால் முட்டிவலி உள்ளவர்களும் சமாளிக்கிறார்கள். பாறை முழுக்க ஏறி இறங்க வேண்டியதும் இல்லை; ஒரே குட்டையின் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள். எழுதப் பென்சில் வையுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம். ஈரத்தில் பென்சில் கரையாது. மாதிரிகளை ஆல்கஹாலில் வைக்கும்போது உள்ளே போடும் சீட்டையும் அதனால்தான் பென்சிலில் எழுதுகிறோம். ஆல்கஹாலில் போட்டால் உயிரின் நிறம் போய்விடும் என்பதால் நிறத்தை உயிரோடு இருக்கும்போதே குறித்துவிட வேண்டும். வாட்டர்கலர் பெட்டி சின்னதாக ஒன்று இருந்தால் அதற்கு உதவும்.

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் நான்கு விஷயம் கேளுங்கள். கற்றுத்தருகிறவர் அந்தக் கூட்டத்தில் இப்போதும் வேலை செய்கிறவரா? ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை பேர்? தினமும் எத்தனை மணி நேரம் கரையில்? ஓவியம் கற்றுத்தருகிறவரும் களத்துக்கு வருவாரா, அல்லது அறையில் போட்டோவைப் பார்த்து வரையச் சொல்வாரா? கடைசிக் கேள்விக்கு "களத்துக்கு வருவார்" என்று பதில் வந்தால், நீங்கள் சொன்ன இரண்டில் ஓவியப் பட்டறையிலேயே சேருங்கள். உயிரியல் அதோடு சேர்ந்தே வரும். "போட்டோ" என்று வந்தால் களப் பயிலரங்கில் சேர்ந்து, கோடு போடாத நோட்டு ஒன்றை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே மேசையில் யாராவது ஒருவர் கட்டாயம் வரைந்துகொண்டிருப்பார், அவர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.